கீழ் அறைத் தாக்கோல்

இதைக் கொஞ்சம் ஆறப்போட்டு எழுது என்று என் கணவர் சொன்னார். ஆறப்போட்டுப் பார்த்தாகிவிட்டது. ஆறவில்லை. அதனால் சூட்டோடு எழுதுகிறேன்.

அம்மா போன பிறகு அப்பா கடற்கரையில் தனியாகத்தான் இருந்தார். வாழ்நாள் முழுக்க வள்ளத்தில் நின்று அலையைப் பார்த்தவர், கடைசியில் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். இனிமேல் படி ஏறக் கூடாது, குந்தி உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாங்களோ மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்கு மேலே மாடியில் குடியிருந்தோம். படி செங்குத்து. கக்கூஸ் குந்தி உட்காருகிற மாதிரி. அப்பாவை எங்களோடு வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் தரைத்தளத்தில் ஓர் அறை வேண்டும், அதோடு ஒட்டினாற்போல் யூரோப்பியன் கக்கூஸ் வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மாளிகை கேட்கவில்லை.

வீடு தேட ஆரம்பித்த பிறகுதான் என் நாக்கு எனக்கே எதிரி என்று தெரிந்தது. நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர், அவருக்கு நிரந்தர வேலை, பிள்ளை வெளியூரில் படிக்கிறான். இதையெல்லாம் கேட்கும்வரை வீட்டுக்காரர்கள் தலையாட்டுவார்கள். நான் நாலு வார்த்தை பேசியதும், “சொந்த ஊரு எது?” என்பார்கள். கடற்கரைப் பேச்சை எத்தனை வருஷம் வகுப்பறையில் நின்றாலும் முழுக்கக் கழற்றிவைக்க முடியாது. ஊரைச் சொன்னதும் அந்த வீட்டுக்கு முந்தின நாளே வேறு யாரோ அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள். எல்லா வீட்டுக்கும் முந்தின நாளே யாரோ வந்திருந்தார்கள். அந்த யாரோ ஒருத்தனை நேரில் பார்த்தால் இரண்டு கேள்வி கேட்கலாம் என்று இருந்தேன்.

கடைசியில் மார்த்தாண்டத்துக்கும் புதுக்கடைக்கும் நடுவில் ஒரு வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் குடும்பத்தோடு கல்ஃபில். பொறுப்பெல்லாம் பக்கத்து வீட்டில் இருக்கும் அவருடைய அக்காவிடம். அந்த அம்மாள் எங்கள் பங்குக் கோயிலில் மாதர் கூட்டத்தின் முன்வரிசை. பூசைக்கு ஒரு நாள் தவறமாட்டார். வீட்டைச் சுற்றிக் காட்டினார். கிணறு, மோட்டார், தென்னை, பலா. தேங்காயும் பலாச்சக்கையும் தம்பிக்கு உரியது, கீழே விழுந்தாலும் நாங்கள் எடுக்கக் கூடாது என்றார். தலையாட்டினேன். மாடியில் இரண்டு அறை, கீழே ஓர் அறை. கீழ் அறை பூட்டியிருந்தது. உள்ளே தம்பியின் கட்டிலும் அலமாரியும் கிடப்பதாகவும், நாங்கள் குடிவரும்போது ஒதுக்கித் தருவதாகவும் சொன்னார். கக்கூஸ் உண்டா என்று கேட்டேன். யூரோப்பியன்தான், தம்பி துபாய் மாடலில் போட்டது என்றார். எனக்கு அங்கேயே மனது உட்கார்ந்துவிட்டது.

அப்புறம்தான் நிபந்தனை வந்தது.

“டீச்சரே, மீன் எல்லாரும் வைக்கும். நாங்களும் வைப்போம். எண்ணாலும் கடப்புறத்து ஆளுவளுக்குக் கருவாடு இல்லாம செல்லாதில்லியா. இது எனக்க தம்பி வெயிலில கெடந்து கெட்டின வீடு. நாத்தம் கேறப்பிடாது.”

வேறு சமயமாக இருந்தால் அங்கேயே இரண்டில் ஒன்று பார்த்திருப்பேன். அப்பாவின் இடுப்பு என் வாயை மூடியது. சரி அக்கா என்றேன். அன்று மாலை ஆஸ்பத்திரியில், வரும்போது வீட்டிலிருந்து கருவாட்டுப் பானையையும் எடுத்துவிடு மக்கா என்று அப்பா சொன்னார். உப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் அப்பா என்று பொய் சொன்னேன். டாக்டர் சொன்னால் அவருக்கு வேதவாக்கு.

மாடி வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டோம். அங்கே உடனே வேறு ஆள் பேசி முடித்துவிட்டார்கள். இனிப் பின்னால் போக வழியில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் புதுவீட்டுக்குப் போய்த் துடைப்பமும் கையுமாக நிற்பேன். ஆளில்லாமல் கிடந்த வீடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிலந்தி வலை, பல்லி முட்டை, மோட்டாருக்குள் எறும்புப் புற்று. மோட்டார் சரியாக்கிய அன்று அடுக்களைக் குழாய் உடைந்தது. குழாய் சரியாக்கிய அன்று கரண்டே இல்லை. இதற்கெல்லாம் நான் அசரவில்லை. என்னை வாட்டியது இரண்டே விஷயம்தான். ஒன்று திறக்காத அந்தக் கதவு. இன்னொன்று அந்தக் கதவின் பக்கம் அடித்த நாற்றம்.

என்ன நாற்றம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மீன் நாற்றத்தில் எனக்குப் பட்டமே கொடுக்கலாம். மடிவலையில் அன்று பிடித்த மீனுக்கும் கெட்ட மீனுக்கும் கண்ணை மூடிக்கொண்டு வித்தியாசம் சொல்வேன். இது அந்த இனமே இல்லை. புளித்த மாதிரி, புகைந்த மாதிரி. எலி செத்துக் கிடக்கிறது என்று மாடிப்படிக்கு அடியில் தவழ்ந்து தேடினேன். கழிவுநீர்த் தொட்டி என்று ஆளைக் கூப்பிட்டு மூடியைத் திறந்து பார்த்தேன். பினாயிலைக் குடம் குடமாக ஊற்றினேன். என் கணவர் சொன்ன இடத்தில் எல்லாம் ஊற்றிக் கொடுத்தார். அவருக்கு ஊர் குலசேகரம் பக்கம். அங்கே யாரும் எதற்கும் பதறமாட்டார்கள். “எனக்கு ஒண்ணும் அடிக்கல்லியே” என்றார்.

ஒருநாள் நான் தரையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அக்கா வந்தார். வாசலிலேயே நின்று சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“டீச்சரே, கருவாடு வல்லதும் கொண்டு வந்தியளா?”

நான் எழுந்து என் பையைத் திறந்து கவிழ்த்துக் காட்டினேன். திருத்திய விடைத்தாளும் தண்ணீர் பாட்டிலும் விழுந்தன. நாற்பது தாண்டிய பெண், ஊரார் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள், கருவாடு இல்லை என்று நிரூபிக்கப் பையைக் கவிழ்த்துக் காட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

கீழ் அறையை எப்போது ஒழிப்பீர்கள் என்று கேட்டால் தம்பியிடம் கேட்க வேண்டும் என்பார் அக்கா. தம்பியிடம் வீடியோ காலில் கேட்டால் அக்காவிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்பார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்கிறது சரிதான். விடாமல் நெருக்கியதும் புதுக் கதை வந்தது. தாக்கோல் இங்கே இல்லையாம். எங்கள் பக்கம் சாவியைத் தாக்கோல் என்றுதான் சொல்வோம். தம்பியின் மனைவி போன லீவுக்கு வந்தபோது தெரியாமல் கைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம். அங்கிருந்து ஓர் ஆள் ஊருக்கு வருகிறதாம், அதன் கையில் கொடுத்து விட்டிருக்கிறதாம்.

கல்ஃபிலிருந்து வருகிற ஆளின் கையில் சோப்பு வரும், சென்ட் வரும், பால்பவுடர் வரும். தாக்கோலும் வரும் என்று நானும் நம்பினேன். இந்த நாட்டில் பிறந்தவர்கள் யாரும் நம்புவார்கள். அந்த ஆளுக்கு முதலில் லீவு கிடைக்கவில்லை. பிறகு டிக்கெட் கிடைக்கவில்லை. பிறகு அவருடைய மாமியாருக்குச் சுகமில்லாமல் நேரே நெய்யாற்றின்கரைக்குப் போய்விட்டார். நான் அந்த மாமியாருக்காக ஜெபம்கூடச் செய்தேன். பூட்டை உடைக்கலாமே என்றதற்கு, தேக்குக் கதவில் உளி வைத்தால் தம்பியின் நெஞ்சு பொட்டிப்போகும் என்றார் அக்கா.

ஆஸ்பத்திரியில் அப்பாவை அனுப்புகிற நாளைச் சொல்லிவிட்டார்கள். அன்று காலையிலேயே வீடு மந்திரிப்பு வைத்துவிட்டு, சாயங்காலம் அவரைக் கூட்டிவருவதாக ஏற்பாடு. மந்திரிப்பு என்றால் பால் காய்ச்சியதும் பங்குக் கோயில் சாமியார் ஜெபம் சொல்லி, அறை அறையாகப் போய்த் தீர்த்தம் தெளிப்பார். ஓர் அறை விடமாட்டார்கள். அடுக்களை, குளியலறை, கார் நிற்கிற இடம், கிணற்றடி வரைக்கும் தெளித்தால்தான் எங்கள் ஜனத்துக்குத் திருப்தி.

அன்று என் ஆட்களும் என் கணவரின் ஆட்களும் வந்திருந்தார்கள். அக்கா பட்டுச்சேலை கட்டி, வீட்டுக்காரி மாதிரி முன்னால் நின்று பாட்டை எடுத்துக் கொடுத்தார். மாடி முடிந்து இறங்கி வந்த சாமியார் கீழ் அறைக் கதவின் முன்னால் நின்றார். இது யாருடைய அறை என்று கேட்டார்.

“எனக்க அப்பா வந்து கெடக்கப்போற ரூம், ஃபாதர். தாக்கோல் கல்ஃபுல இருக்காம்” என்றேன். குரலில் மரியாதை இருந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை.

சாமியார் சிரிக்கவில்லை. சுகமில்லாத ஆள் படுக்கிற அறையை மந்திரிக்காமல் மற்ற அறைகளை மந்திரித்து என்ன பயன் என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, வேறு தாக்கோல் இல்லையா என்று சாதாரணமாகக் கேட்டார். என்னிடம் நாள்தோறும் கூசாமல் சொன்ன பொய்யை, தீர்த்தச் செம்பு பிடித்து நிற்கிற சாமியாரிடம் சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. கை மெல்லக் கழுத்துக்குப் போனது. ஜாக்கெட்டுக்குள்ளிருந்து உத்தரியத்தை, கழுத்தில் போடுகிற மாதா படக் கயிற்றை, இழுத்தார். உத்தரியக் கயிற்றிலேயே தாக்கோல் தொங்கியது. மாதா படமும் பொய்யும் ஒரே கயிற்றில்.

கதவு திறந்ததும் சாமியாரே ஓரடி பின்னால் நகர்ந்தார். அறை முழுக்க ரப்பர் ஷீட்டு. கட்டில் மேல், அலமாரி மேல், ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. அந்த துபாய் மாடல் கக்கூஸுக்குள் மூட்டை மூட்டையாக ஒட்டுப்பால், மரத்தில் உறைந்துபோவதை உரித்துச் சேர்க்கிற கழிவு ரப்பர். அதன் நாற்றம் அறிந்தவர்களுக்குத் தெரியும். விலை ஏறட்டும் என்று அக்கா தன் தோட்டத்துச் சரக்கைத் தம்பி வீட்டில் பதுக்கி வைத்திருக்கிறார். தம்பிக்கே தெரியாது.

“வெலை கேறினதும் எடுக்கலாம்னு இருந்தேன் ஃபாதர். எனக்க வீட்டில வச்சா நாத்தம் சகிக்காது” என்றார் அக்கா.

என் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. திரும்பிக் கணவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“ஷீட்டு கெடக்குன்னு இஞ்ச வந்த அண்ணைக்கே மணத்தில தெரிஞ்சுது. நாம வருமுன்ன வித்திருவாவன்னு நெனச்சேன். நீ சொன்ன நாத்தம் இதுதான்னு தெரியல்ல” என்றார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை, ஷீட்டு அடுக்கிய அறையிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆனால் அன்று குற்றம் யாருடையது என்று நிறுத்துப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. என் பட்டுச்சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினேன். கைக்கு அகப்பட்ட ஷீட்டை வாரி எடுத்துக்கொண்டு நேராக அக்காவின் வீட்டு முன்னறைக்குப் போய் சோபா மேல் போட்டேன். வானம் கறுத்திருக்கிறது, நனைந்தால் பூஞ்சைப் பூப்புப் பிடிக்கும் என்று அக்கா பின்னாலேயே ஓடி வந்தார். அதனால்தான் உள்ளே போடுகிறேன் என்றேன். என் கணவர் ஒட்டுப்பால் மூட்டையைத் தலையில் ஏற்றினார். அவருடைய சொந்தக்காரர்கள் மடக்காமல் எப்படித் தூக்குவது என்று என் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பால் காய்ப்புக்கு வந்த சனம் சாயா குடிக்காமல் சுமடு எடுத்தது. சாமியார் காலியான அறையில் தீர்த்தத்தை மற்ற அறைகளைவிடக் கொஞ்சம் தாராளமாகவே தெளித்தார்.

தரையைக் கழுவினோம், கட்டிலைக் கழுவினோம், ஊதுபத்தி வைத்தோம். சாயங்காலம் அப்பாவை வேனில் கொண்டுவந்து அந்தக் கட்டிலில் படுக்க வைத்தோம். கக்கூஸைக் காட்டினேன். கைப்பிடியைப் பிடித்துப் பார்த்து, கொள்ளாம், நல்லாருக்கு என்றார். என் முகத்தில் அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்திருக்கும். எல்லாரும் வெளியே போனதும் அப்பா மூக்கைச் சுருக்கினார். அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு சட்டைக் காலரை இழுத்து முகர்ந்தார். கையைத் தூக்கி முகர்ந்தார். நான் வாசலில்தான் நின்றேன்.

“மக்கா, நாத்தம் எனக்கயா?” என்று மெதுவாகக் கேட்டார். “ஆஸ்பத்திரில செரியாக் குளிப்பாட்டல்ல. வீட்டுக்காரங்க வல்லதும் சொல்லுவாவளா?”

அக்காவின் நிபந்தனையைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. எண்பது வயதுக்குள் எத்தனை பஸ்ஸில், எத்தனை கடை வாசலில் அவருக்கு அது சொல்லப்பட்டிருக்குமோ.

“இல்லப்பா. நாத்தம் வீட்டுக்காரங்களுக்க” என்றேன்.

மறுநாள் விடிந்ததும் என் கணவரைக் கடற்கரை வீட்டுக்கு அனுப்பிக் கருவாட்டுப் பானையை எடுத்துவரச் சொன்னேன். அவர் போய் எடுத்துவந்தார். பெரிய நெய்மீன் துண்டாகப் பார்த்துக் கழுவி, மிளகுத்தூள் தடவி, சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் போட்டேன். அடுக்களை ஜன்னல் அக்காவின் முன்னறையைப் பார்த்து இருக்கிறது. இரண்டு கதவையும் முழுக்கத் திறந்து கொக்கி போட்டேன்.