ஆறு பத்து

தங்கைக்குப் பதினேழு முடிந்தும் மாதவிலக்கு வரவில்லை. சூளகிரியில் எங்கள் தெருவில் அவள் வயதுப் பெண்கள் அனைவருக்கும் சீர் நடந்துவிட்டது.

"என்னாக்கா, உம் பொண்ணு இன்னும் கவுனு போட்ற கொழந்தையா?" என்று குழாயடியில் ஒருத்தி சிரித்தாள். மறுவாரமே அம்மா, மகள் வயதுக்கு வந்துவிட்டதாக அறிவித்தாள். டாக்டரிடம் காட்டலாம் என்றேன்.

"வர்றப்ப வரும். நீ வாய மூடு."

ருது ஜாதகம் கணிக்க நாளும் நேரமும் வேண்டும். ஓசூரில் ஒரு பத்திரிகையில் நான் புதிதாகச் சேர்ந்திருந்ததால் அதை எழுதும் வேலையை அம்மா என்னிடம் தந்தாள். பஞ்சாங்கம் பார்த்து, வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்து என்று எழுதிக்கொடுத்தேன். கல்லாவியிலிருந்து வந்த தாய்மாமா பச்சை ஓலையில் குடிசை கட்டினார். தங்கை அதற்குள் உட்கார்ந்தாள்.

"அக்கா, நெஜமாவே வந்துட்டா என்னா பண்றது?"

"யாருக்கும் சொல்லாத."

ஆறு வருடங்கள் போயின. வரவில்லை. அவள் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்தாள். மாமா தன் மகனுக்குப் பெண் கேட்டார். நான் நேரம் குறித்த ஜாதகம் நன்றாகவே பொருந்தியது.

நிச்சயம் முடிந்த பிறகு தங்கை என்னை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். ஸ்கேனில் கர்ப்பப்பை இல்லை. பெங்களூருக்கு அனுப்பிய ரத்தத்தில் குரோமோசோம்கள் ஆண்களுக்கு உள்ளவை. வயிற்றுக்குள் ஆண்களுக்கு உள்ள விந்தகச் சுரப்பிகள் இரண்டு இருந்தன. அவை சுரந்த ஆண் ஹார்மோனை அவள் உடல் ஏற்கவே இல்லை. அதனால் கருவிலேயே உடல் பெண்ணாக வளர்ந்தது. வழக்கம்போல் நான் குறிப்பெடுத்தேன்.

"அப்போ நா யாரு மேடம்?" என்றாள் தங்கை.

"உனக்கு எப்படித் தோணுது?"

"பொண்ணாதான்."

"அப்போ பொண்ணுதாம்மா. குழந்தை மட்டும் சுமக்க முடியாது. அந்தச் சுரப்பிகள விட்டு வெச்சா பின்னாடி கேன்சர் வரலாம், எடுத்துட்றது நல்லது."

மாமாவிடம் மறைத்துவிடலாம் என்றாள் அம்மா.

"இன்னொரு வாட்டி குடிசைல உக்கார மாட்டேம்மா" என்றாள் தங்கை. மாமா வந்தபோது அவளே எல்லாவற்றையும் சொன்னாள்.

"புள்ள இல்லன்னா ஒண்ண எடுத்து வளத்துக்கலாம் கண்ணு. அது பெருசில்ல" என்றார் மாமா. பிறகு அம்மாவிடம் திரும்பினார். "நா ஓலை வெட்டியாந்து கட்டறன், நீ பக்கத்துல நின்னு பாத்துகினு இருந்தியே. ஒரு வார்த்த சொன்னியா?" என்னையும் பார்த்தார். "பேப்பர்காரி, நீயுந்தான்."

காபியைத் தொடாமல் எழுந்து போனார். கல்யாணம் நின்றது.

அறுவைச் சிகிச்சைக்குச் சேர்த்த நாளில் நர்ஸ் படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெயர், வயது, முன்பு வந்த நோய்கள்.

"மொத மொத பீரியட்ஸ் எப்போ வந்துச்சு?"

"வெள்ளிக்கெழம, காலைல ஆறு பத்து" என்றாள் அம்மா. ஆறு வருடம் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். சொல்லி முடித்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

நர்ஸ் எழுதத் தொடங்கியிருந்தாள்.

"அத அடிச்சிடுங்க சிஸ்டர்" என்றாள் தங்கை, கட்டிலில் படுத்தபடியே.