ஸ்கேல் அக்காவின் பித்தப்பைக் கல்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சவக்கிடங்குக்கு இரண்டு கதவு தள்ளி லாண்டரி. அங்கே ஏழு பேர் வேலை செய்தார்கள். சரியாகச் சொன்னால், ஆறு பேர் வேலைக்கு வந்தார்கள், ஒருத்தி வேலை செய்தாள். அந்த ஒருத்திதான் மேற்பார்வையாளர். நேரில் கூப்பிடும்போது அக்கா, முதுகுக்குப் பின்னால் ஸ்கேல்.

பட்டப்பெயர் சும்மா வரவில்லை. மடித்து வைத்த போர்வையின் ஓரம் அரை விரல் விலகியிருந்தாலும் பத்தடி தூரத்திலிருந்தே அவள் கண்ணை உறுத்தும். அந்தக் கண்ணுக்காகத்தான் மடிப்பு மேசையில் நின்றவளை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். ஆக்கியவர்கள், மேசையை விட்டு வந்து மற்றவர்களை வேலை வாங்கச் சொன்னார்கள். அவள் பதவியை மட்டும் வாங்கிக்கொண்டு மேசையிலேயே நின்றுவிட்டாள்.

அங்கே முக்கியமான வேலை ஆபரேஷன் பொட்டலம். நோயாளி மேல் போர்த்தும் பெரிய துணி நான்கு, நடுவில் ஓட்டை வைத்த துணி ஒன்று, டாக்டர்களுக்கு அங்கி மூன்று, கை துடைக்கும் துணி ஆறு. எல்லாவற்றையும் எண்ணி அடுக்கி, சுற்றிக் கட்டி, கிருமி சாக ஆவி இயந்திரத்துக்குள் வைக்க வேண்டும். கட்டின பொட்டலத்தை அப்புறம் தியேட்டரில்தான் பிரிக்கலாம். ஆகவே கட்டுவதற்கு முன்னால் எண்ணுகிற எண்ணிக்கைதான் எல்லாம்.

அந்த எண்ணிக்கையை ஸ்கேல் யார் கையிலும் விட்டதில்லை. மற்றவர்கள் அடுக்கியதை எல்லாம் உதறிப் பிரிப்பாள், மறுபடி மடிப்பாள், எண்ணுவாள், தன் கையாலேயே முடிச்சுப் போடுவாள். முதல் வருஷம் ஆறு பேருக்கும் வருத்தமாக இருந்தது. இரண்டாம் வருஷம் எரிச்சலாக இருந்தது. மூன்றாம் வருஷம் புத்தி வந்தது. எப்படியும் பிரிக்கப் போகிறாள், எதற்கு ஒழுங்காக மடித்துத் தொலைப்பது? கடைசி மடிப்பை மடிக்காமல், ஒரு முனையை வெளியே நீட்டி விட்டுவிடுவார்கள். அக்கா பிடித்து இழுக்க வசதியாக இருக்கும். இதற்கு அரைமடிப்பு என்று பெயரும் வைத்தாயிற்று. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் பாடமே அதுதான்: "ரொம்ப அழகா மடிச்சிடாதே, அக்காவுக்குப் பிரிக்கக் கஷ்டம்."

ஒருமுறை மேலிடத்திலிருந்து டை கட்டின ஆள் ஒருவர் வந்து, தலைமைப் பண்பு பற்றி அரை நாள் பேசினார். கடைசியில் ஒரு படிவம் கொடுத்தார். 'உங்கள் பலம்' என்ற இடத்தில் அவள் 'கண்' என்று எழுதினாள். 'உங்கள் பலவீனம்' என்ற இடத்தில் கொஞ்சமும் யோசிக்காமல் 'என்கூட வேலை செய்பவர்கள்' என்று எழுதினாள். கையெழுத்து மட்டும் அச்சு மாதிரி இருந்தது.

இப்படிப்பட்டவளுக்குப் பித்தப்பையில் கல் வந்தது. ஒன்றரை வருஷம் வலியைக் கையால் அழுத்திக்கொண்டே ஓட்டினாள். பஸ் ஓட்டுகிற புருஷன் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனான்.

"நான் நாலு நாள் இல்லைன்னா அங்க என்ன ஆகும் தெரியுமா?" என்பாள்.

"நான் லீவு போட்டா பஸ்ஸு என்ன, டிப்போவுல படுத்து அழுதுக்கிட்டா இருக்கு?" என்பான் அவன்.

கடைசியில் கண் மஞ்சளாகிக் காய்ச்சலில் விழுந்தாள். சர்ஜன் சுற்றி வளைக்கவில்லை. "இன்னொரு தடவை கல்லு அடைச்சா நீங்க நடந்து வர மாட்டீங்க, தூக்கிட்டுத்தான் வருவாங்க. இந்த வாரமே எடுத்தாகணும்."

நோயாளியாகச் சேருவதற்கு முன் தன் கையால் இருபது பொட்டலம் கட்டி அடுக்கிவைத்துவிட்டு, ஒரு வாரத்துக்குத் தாங்கும் என்று கணக்குப் போட்டுப் படுக்கைக்குப் போனாள். மறுநாளே எங்கேயோ ஒரு தொழிற்சாலைச் சுவர் இடிந்தது. அடிபட்டவர்கள் வரிசையாக வந்தார்கள். ஒன்றரை நாளில் இருபதும் காலி.

அதற்கடுத்த காலை தியேட்டர் வாசலில் தள்ளுகட்டிலில் படுத்திருந்தாள். உள்ளே சிஸ்டர் பொட்டலம் பிரிக்கிற சத்தம் கேட்டது.

"இதுல ஓட்டைத் துணி இல்ல டாக்டர்."

"இன்னொண்ணு பிரிங்க."

"இதுல ஓட்டைத் துணி மூணு இருக்கு. அங்கி ஒண்ணுகூட இல்ல."

மூன்றாவதிலும் ஏதோ குறை. சர்ஜன் குரல் ஏறியது. "கீழே யாருங்க இதுக்குப் பொறுப்பு?"

சிஸ்டர், திறந்திருந்த கதவு வழியாகத் தள்ளுகட்டிலைத்தான் பார்த்தாள். ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. அவமானத்தில் ஸ்கேலுக்கு வயிற்று வலி கொஞ்ச நேரம் மறந்தே போயிற்று.

மதியம், ஆஸ்பத்திரி கவுனோடு லாண்டரிக்குப் போய் நின்றாள். பின்னாலேயே புருஷன். ஆறு பேரும் எழுந்து நின்றார்கள்.

"ஓட்டைத் துணி இல்லாம கட்டியிருக்கீங்களே, என் வயித்துல எங்க வெட்டுறதுன்னு டாக்டர் ஜோசியம் பாக்கணுமா? எண்ணணும்னு தெரியாது?"

ஆவி இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள் வாய் திறந்தான். நின்றபடியே தூங்குகிறான் என்று அவளே 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வைத்தவன். அங்கே பதினோரு வருஷம்.

"தெரியும்க்கா. நீங்க எண்ணுவீங்கன்னு தெரியும்." எகத்தாளம் இல்லை, உள்ளதைச் சொன்னான். "பொட்டலம் கட்டினதே எங்களுக்கு நேத்துதான் முதல் தடவை."

பதினோரு வருஷத்தில் முதல் தடவை. அவள் கணக்குப் பார்த்தாள், பொய்யில்லை. சரி, வழக்கம்போல நாமே கட்டிவிடலாம் என்று மேசைப் பக்கம் கையை நீட்டினாள். வலி சுருட்டிப் போட்டது. புருஷன் ஒரு நாற்காலியை இழுத்து மேசைக்கு எட்டாத தூரத்தில் போட்டான். வேண்டுமென்றேதான் போட்டான்.

"வாயிருக்குல்ல? சொல்லு, அவங்க கட்டட்டும்."

சொன்னாள். பெரிய துணி நாலு. ஓட்டைத் துணி ஒண்ணு. அவர்கள் அடுக்கினார்கள். ஓரங்கள் எல்லாம் திசைக்கு ஒன்றாக நின்றன. அதைப் பார்க்கப் பார்க்க அவள் விரல்கள் துடித்தன. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். ஆபரேஷனைவிட அது கஷ்டமாக இருந்திருக்கும். தூங்குமூஞ்சி உரக்க எண்ணினான். அவன் எண்ணினதைப் பக்கத்தில் இருந்தவள் மறுபடி எண்ணினாள். அப்புறம் அவன் கட்டாமல், அடுக்கை அப்படியே ஏந்திக்கொண்டு வந்து அக்கா மடிமேல் வைத்தான்.

"நீங்க ஒரு தடவை பிரிச்சுப் பாத்துடுங்கக்கா."

நாளைக்கு இந்தத் துணிதான் அவள் வயிற்றின்மேல் விழப் போகிறது. இன்றைக்கு மட்டும் பிரித்தால் என்ன குறைந்துவிடும்? அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

"ரெண்டு பேரும் எண்ணிட்டீங்களா?"

"எண்ணிட்டோம்."

"அப்ப எதுக்கு எங்கிட்ட கொண்டு வர்றே? கட்டு."

மறுநாள் காலை தியேட்டர் விளக்கு முகத்தில் அடித்தது. மயக்க ஊசிக்கு முன்னால் சிஸ்டர் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து வாய்விட்டு எண்ணினாள். பெரிய துணி நாலு. ஓட்டைத் துணி ஒண்ணு. அங்கி மூணு. கைத்துணி ஆறு.

"எல்லாம் சரியா இருக்கு டாக்டர்."

ஸ்கேலின் கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"பயமா இருக்காக்கா?" சிஸ்டர் குனிந்து கேட்டாள். "வலியே தெரியாது, ஒரு நிமிஷம்தான்."

"பயமெல்லாம் இல்ல." மருந்து ஏற ஏற அவள் நாக்கு குழறியது. "நல்லா எண்ணினீங்களா சிஸ்டர்? ஒண்ணுகூடவா குறையல?"