துணிக் குவியலில் ஒரு பேராசைக்காரி

கதை எழுதும் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ஆளைப் பார்த்ததுமே இன்ன ரகம் என்று முடிவு கட்டிவிடுவேன்.

சுனாமி அடித்த வாரம், சிதம்பரத்தில் சேகரித்த பழைய துணிகளோடு பரங்கிப்பேட்டை அருகே ஒரு மீனவர் குப்பத்துக்குப் போயிருந்தோம். ஒரு பெண் எல்லோரையும் தள்ளிவிட்டு, நல்ல சேலைகளைக்கூட வீசியெறிந்து குவியலைக் கிளறினாள். என் அடுத்த கதைக்குப் பேராசைக்காரி கிடைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

“அப்படி என்னக்கா தேடுறீங்க?” என்றேன் எரிச்சலோடு.

“செவப்புப் பாவாட தம்பி. எம்பொண்ணு ஒடம்பு இப்பதான் கெடைச்சுது. மேல துணியில்ல. பொதைக்கப் போறாங்க. அவளுக்கு செவப்புன்னா உசுரு.”

நானும் மண்டியிட்டுத் தேடினேன். சிவப்பு இல்லை. நான் எடுத்துக் கொடுத்த பச்சைப் பாவாடையோடு ஓடினாள்.

இன்றும் கதையில் ஒரு பேராசைக்காரி வந்தால், அவள் எதைத் தேடுகிறாள் என்று தெரியாமல் எனக்குக் கை ஓடுவதில்லை.