எடித் நிமிரவில்லை

பேசாலைக் கரையில் மீன் ஏலம் கூறும் எடித்துக்கு வாய் நீளம் என்பார்கள். வாய் மட்டுமா, கழுத்தும் வளையாது. செத்துப்போன புருசனின் வள்ளத்தை அவன் தம்பி வின்சன்ட் களவாய் விற்றபோது, சந்தை நடுவில் அவன் முகத்துக்கு நேரே நின்று நாறடித்தாள். அன்றிலிருந்து இருவரும் கீரியும் பாம்பும்.

ஒரு காலை, ஏலத்துக்கு நின்றவர்களின் காதுகள் தெரிந்தன, முகங்களைக் காணவில்லை. கோயிலில் சிலுவையின் கைகள் தெரிந்தன, நடுவில் கறுப்பு. இடது கண் சிறுவயதிலேயே சின்னமுத்துக் காய்ச்சலில் போயிருந்தது. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணும் இப்படி! எடித் வாழ்க்கையில் முதன்முறையாகப் பயந்தாள்.

சண்டைக்காலம். சிங்களம் தெரியாதவள் தனியே கொழும்புக்குப் போய்வர முடியாது. பாதிரியார் அதட்டி, சிங்களம் பேசத் தெரிந்த வின்சன்ட்டை அவளோடு அனுப்பினார். கொழும்பு ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, விழித்திரையின் நடுவில் இரத்தம் கசிந்திருந்தது.

ஒப்பரேசன் முடிந்ததும் டொக்டர் சொன்னார்: “கண்ணுக்குள்ள காத்து அடைச்சிருக்கிறன், அம்மா. அதுதான் இரத்தத்தை நடுவில இருந்து தள்ளவேணும். ஒரு கிழமைக்கு முகம் நிலத்தைப் பார்த்தபடி இருக்கவேணும். நிமிர்ந்தீங்களோ, காத்து நழுவிடும். பிறகு என்னைக் கேக்காதேங்கோ.”

வடக்கிலிருந்து வந்தவர்கள் லொட்ஜில் தங்கப் பொலிஸ் பதிந்து கொடுத்த நாட்கள் அன்றோடு முடிந்தன, ஊருக்குத் திரும்பத்தான் வேண்டும். கட்டுப்போட்ட கண்ணோடு, குனிந்தபடியே பஸ் ஏறினாள். பக்கத்தில் வின்சன்ட் சிரித்தான்.

“கடவுள் இருக்கிறார், மச்சாள். உங்கட தலையையும் குனிய வைச்சிட்டார்.”



வழியில் செக்பொயின்றில் எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் அவள் முன்னால் நின்றான்.

“ஒளுவ உஸ்ஸண்ட!”

தலையைத் தூக்கச் சொல்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. அவள் அசையவில்லை. அவன் கத்தினான். துவக்கைத் தட்டும் சத்தம் கேட்டது.

“வின்சன்ட், என்ர கண்ணைப் பற்றிச் சொல்லு!”

ஆமிக்காரன் வின்சன்ட்டிடம் ஏதோ கேட்டான். வின்சன்ட் இரண்டே சொல்லில் முடித்தான்.

“தன்னே நே.”

தெரியாது. இவளை எனக்குத் தெரியாது. வடக்கில் அந்தச் சிங்களம் விளங்காதவர் யார்? இராயப்பர் யேசுவை மறுதலித்த மாதிரித்தான். சேவல் கூவாததுதான் குறை.

ஆமிக்காரனின் கை அவள் நாடியைப் பிடித்து உயர்த்தப் பார்த்தது. எடித் உதறிவிட்டுத் தொப்பென்று மண்ணில் குந்தினாள். மார்புக்குள்ளிருந்து அடையாள அட்டையை எடுத்து, தடவித் தடவி, தன் முகத்துக்கு நேர்கீழே நிலத்தில் வைத்தாள்.

“பார்க்கவேணுமெண்டால் நீ குனிஞ்சு பாரடா!”

 பிறகு சப்பாத்து கிறீச்சிட்டது, முழங்கால் மண்ணில் படிந்தது. பீடி நாற்றம் கீழேயிருந்து அவள் முகத்தில் அடித்தது. அவன் ஏதோ தூஷணம் சொல்லிக்கொண்டே எழுந்து, “யன்ட!” என்று அவளைப் போகச் சொன்னான். பஸ்ஸில் அவள் வின்சன்ட்டின் பக்கத்தை விட்டு, தடவித் தடவி வேறு சீற்றுக்குப் போய் இருந்தாள்.

மாதங்கள் போயின. கறுப்பு மெல்லக் கரைந்தது.

உயிர்த்த ஞாயிறன்று வின்சன்ட் ஒரு பாரை மீனோடு அவள் வாசலுக்கு வந்தான். கண் வந்துவிட்டதா என்று ஊருக்கே ஆவல், அவனுக்குந்தான்.

“மச்சாள், என்னைத் தெரியுதோ?”

எடித் தலையை நிமிர்த்தி நேராகப் பார்த்தாள். மீசையில் நரைத்த மயிர், நாடியில் பழைய தழும்பு, துடிக்கிற இமை, எல்லாம் தெரிந்தது.

“தன்னே நே,” என்றாள். கதவைச் சாத்தினாள்.