ஆளுக்கு மூன்று சிவப்பு மாத்திரை

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நெல்லூர், விசாகப்பட்டினம் என்று சுற்றிவிட்டு, தொண்ணூறுகளின் கடைசியில் எண்ணூரில் நிலக்கரி அள்ளும் வேலையில் ஒட்டிக்கொண்டேன். தங்கியது திருவொற்றியூரில் ஓர் அறை. கூட இருந்தவன் சாம்பல் லாரியில் போகிறவன். டீ, பீடி, மீன் குழம்பு, எல்லாமே எங்களுக்குள் பாதிப் பாதி.

ஒரு நாள் கம்பெனி கேட்டுக்குப் பரிசோதனை வேன் வந்தது. நெஞ்சைப் படம் எடுத்தார்கள், டப்பியில் சளி வாங்கினார்கள். இரண்டு பேருக்குமே டி.பி. சளி சுத்தமாகிறவரை கேட்டுக்குள் விடமாட்டேன் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார்.

வேனில் வந்த டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சியில் சேரச் சொன்னார். மற்ற மருந்தெல்லாம் எல்லோருக்கும் ஒன்றுதான். கேப்சூல் கூட்டில் பொடி அடைத்த சிவப்பு மாத்திரை மட்டும் தினமும் சிலருக்கு இரண்டு, சிலருக்கு நாலு. எந்த அளவு சரி என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். குலுக்கிப் போட்டதில் எனக்கு இரண்டு, அவனுக்கு நாலு.

அறைக்கு வந்ததும் அவனேதான் சொன்னான்: "மூஞ்சத் தொங்கப்போடாத நைனா. டீயே பை-டூ அடிக்கிறோம், மாத்திர இன்னா பெருசு? ஆளுக்கு மூணு."

அன்றிலிருந்து தினமும் என் உள்ளங்கையில் ஒரு சிவப்பு மாத்திரை வைப்பான். "துன்னு மாமு. சீக்கிரம் கேட்டுக்குள்ள போவணும்."

அந்த மாத்திரை தின்றால் மூத்திரம் சிவக்கும். ஒரு காலை கழிமுகத்தோரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவனுடையது செங்கல் கரைத்ததுபோல் இருந்தது. என்னுடையது லேசாகத்தான் சிவந்திருந்தது.

"இன்னாடா, உன்து மட்டும் இப்டி கீது?" என்றேன்.

"சூடு மாமு. தண்ணி குட்சா செரியாப்பூடும்."

மறுநாள் அவன் தந்ததையும் என்னுடையதில் ஒன்றையும் விழுங்காமல் பிரித்தேன். என் மாத்திரைக்குள் சிவப்புப் பொடி. அவன் தந்ததற்குள் மஞ்சள் பொடி, சத்து மாத்திரை நாற்றம்.

"எப்பலேர்ந்துடா?"

"மொத நாள்லேர்ந்தே. உள்ள இருந்த பொடிய நான் துன்னுட்டு, கூட்டுல சத்து மாத்திரய நொறுக்கி ரொப்புனேன்." என்னைப் பார்க்காமல் சட்டையை மாட்டினான். "அவங்க உன்க்கு ரெண்டுதான குட்தாங்க? ரெண்டும் உன் வயித்துலதான் கீது. உன்துல நான் இன்னாத்த எட்த்துக்கினேன்?"

நான் அந்த மஞ்சள் பொடியைத் தரையில் தட்டிவிட்டேன்.

அடுத்த சளிப் பரிசோதனையில் அவனுக்குச் சுத்தம். எனக்கு இல்லை. அவன் கேட்டுக்குள் போனான். நான் டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். மாத்திரையைப் பங்கு போட்டோம் என்றதும் அவர் முகம் செத்துவிட்டது. சத்து மாத்திரையைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ அவர் நாலு, நீங்க ரெண்டு. நாங்க கொடுத்தபடியேதான் சாப்பிட்டிருக்கீங்க. நல்லவேளை, ஆராய்ச்சில எதுவும் கெடல."

சிரிப்புகூட வந்துவிட்டது அவருக்கு. அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார். இரண்டு எனக்குப் போதவில்லை, இனிமேல் நாலு என்று சொல்லி எடுத்து நீட்டினார், தண்ணீரோடு.

அவர் பார்த்துக்கொண்டிருக்க, நாலையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே சிவப்பு இருக்கிறதா என்று பார்த்து, மூடி, விழுங்கினேன்.