ஓரத்தில் எழுதிய கேள்வி

தென்காசியில் என் கணவரின் அண்ணன் ஓர் அச்சகம் வைத்திருந்தார். அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். தமிழில் வரும் வேலைகளை அவரே பார்த்துக்கொள்வார். இங்கிலீஷில் ஏதாவது வந்தால் மட்டும் பிழை திருத்த புரூப் தாள் வீட்டுக்கு வரும். பாளையங்கோட்டையில் இண்டர்மீடியட் வரை படித்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். கைக்குழந்தை தூங்கும் நேரத்தில், மை காயாத அந்தத் தாள்களை மடியில் பலகை வைத்துப் படிப்பேன். நாள் முழுக்க எனக்கு ஏவல் சொல்லாதவை அந்தத் தாள்கள்தான். அவை என் கையை விட்டுப் போய்விடக்கூடாது என்பதற்காகவே அந்த வீட்டில் எத்தனையோ பேச்சுக்கு வாய் திறக்காமல் இருந்தேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பள்ளிப் பிள்ளைகளுக்காக இங்கிலீஷ் கையேடு எழுதிக் கொடுத்திருந்தார். இடது பக்கம் தவறான வாக்கியம், வலது பக்கம் சரியான வாக்கியம். அவரைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. கையெழுத்துப் பிரதியின் முதல் பக்கத்தில், ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தார்.

வலது பக்கத்தில், சரியானது என்று அவர் போட்டிருந்த வாக்கியம் ஒன்று: லெட் அஸ் டிஸ்கஸ் அபௌட் தி மேட்டர். அந்த 'அபௌட்' அங்கே வரக்கூடாது. கல்லூரியில் என் கட்டுரையில் அதை ஒவ்வொரு முறையும் அடித்துத் திருத்தியிருக்கிறார்கள். அடித்துவிட வேண்டியதுதானே? என்னால் முடியவில்லை. முப்பது வருஷம் பாடம் நடத்தியவருக்குத் தெரியாமலா இருக்கும், நான் படித்து முடித்தபிறகு வழக்கம் மாறியிருக்குமோ என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன். எடுத்துப் பார்க்க வீட்டில் அகராதி கிடையாது. கடைசியில் ஓரத்தில் சின்ன எழுத்தில், 'இஸ் திஸ் கரெக்ட்? ப்ளீஸ் சீ' என்று எழுதிவைத்தேன்.

புரூப் பார்ப்பதில் ஒரு விதி உண்டு. ஓரத்தில் எழுதுவதெல்லாம் உள்ளே சேர்க்க வேண்டியவை. சேர்க்க வேண்டாத குறிப்பு என்றால் அதைச் சுற்றி வட்டம் போட வேண்டும். நான் வட்டம் போட்டேன் என்று சத்தியம் செய்வேன். ஆனால் குழந்தை அழுதது அந்தச் சமயத்தில்தானா என்று நினைத்தால் சத்தியம் நின்றுபோகிறது. அந்தத் தாளை அச்சகத்தில் மை துடைக்க எடுத்துவிட்டார்கள். இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

இரண்டாம் புரூப் வந்த அன்று குழந்தைக்குக் காய்ச்சல். "எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்று பெரியத்தானே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். ஐந்நூறு பிரதியும் அச்சாகித் தைத்து வந்தபிறகுதான் பார்த்தேன். சரியான வாக்கியங்களின் வரிசையில், லெட் அஸ் டிஸ்கஸ் அபௌட் தி மேட்டர். அதன் அடுத்த வரியில், அதே எழுத்தில், இஸ் திஸ் கரெக்ட்? ப்ளீஸ் சீ.

அச்சுக் கோப்பவருக்கு இங்கிலீஷ் தெரியாது. எழுத்தின் உருவத்தைப் பார்த்துக் கோப்பார். "ஓரத்துல உள்ளத உள்ள கொண்டு வரணும். அதாம்மா எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷு" என்றார். அவர்மேல் கோபப்பட எனக்கு வழியில்லை.

ஆடிச் சாரலுக்குத் தலைமையாசிரியர் குற்றாலத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். புத்தகத்தைப் பார்த்துவிட்டு, புரூப் படித்த அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரியத்தானோடு பஸ்ஸில் போனேன். தலைமையாசிரியர் அருவிக்குப் புறப்பட்டு, இடுப்பில் துண்டோடு, தலையிலிருந்து கால்வரை எண்ணெய் வழிய வாசலில் நின்றார். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"நீதானா அது? என்ன படிச்சிருக்க?"

"இண்டர்மீடியட், சார்."

"பாஸா, பெயிலா?"

"பாஸ்."

"நம்ப முடியலியே. பாஸானவ எதுக்குச் சந்தேகப்படுதா?" துண்டை இறுக்கிக்கொண்டார். "முப்பது வருஷத்துல ஒரு பய எந்திரிச்சு, சார் இது சரியான்னு கேட்டதில்ல. நீ அச்சடிச்சுக் கேக்க!"

நான் பெரியத்தானைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டது யார் என்று அவர் சொல்வார் என்று நினைத்தேன்.

"சின்னப் பிள்ளைக்காரி. கவனம் இல்லாம பாத்துட்டா சார்" என்றார் அவர்.

"அப்ப வீட்டுல இருக்கச் சொல்லும். ஏம்மா, ஒம் பிள்ளைக்கு மூக்கு ஒழுகுது பாரு. மொதல்ல அதைத் திருத்து. பெறவு என்னையத் திருத்தலாம்."

உள்ளே யாரோ சிரித்தார்கள். நான் முந்தானையால் குழந்தையின் மூக்கைத் துடைத்தேன். அந்த ஆள் வழுக்கி விழ வேண்டும் என்று மனதார நினைத்தேன். பிறகு அப்படி நினைத்ததற்காகக் குழந்தைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்தேன்.

கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார். அந்தக் கேள்வியின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டி ஐந்நூறு பிரதியையும் கொடுக்க வேண்டும். ஒட்டுவது நானாக இருக்க வேண்டும். அவருடைய வாக்கியத்தைத் தொடக் கூடாது. திரும்பும்போது பஸ்ஸில் பெரியத்தான் தன் பங்குக்குச் சொன்னார்: "ஒழுங்கா ஒட்டிக் குடுத்துட்டா புரூப் ஒங்கிட்டயே வரும். இல்லேன்னா பாத்துக்க."

மறுநாள் காலையில் ஒரு சட்டி நிறைய மைதாப் பசை காய்ச்சினேன். விரல் அகலத்தில் தாள் நறுக்கி, பசை தடவி, நகத்தால் நீவி ஒட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் என் கேள்வி மறைந்தது, அவருடைய வாக்கியம் நின்றது. இருநூறு பிரதிவரை கருத்தாகத்தான் செய்தேன். குழந்தை எழுந்து பசையில் கைவிட்டு அழுதது. தூக்கிக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது, உண்மையாக இருந்த ஒரு வரியை மூடுவதற்கு இவ்வளவு பசையா என்று தோன்றியது. மீதிப் பிரதிகளுக்கு இரண்டு முனையில் மட்டும் தொட்டும் தொடாமலும் வைத்தேன். வேண்டுமென்றேதான் செய்தேன். கை சோர்ந்தது என்று சில நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டதும் உண்டு.

அந்தச் சாரலில் எதுதான் காயும்? புத்தகம் பள்ளிக்கூடங்களுக்குப் போன ஒரு வாரத்தில் தாள்கள் சுருண்டு எழும்பின. ஆய்க்குடியில் ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் அதைப் பிய்த்துவிட்டு, இஸ் திஸ் கரெக்ட் என்று வாத்தியாரைக் கேட்டார்களாம். அவரும் யோசித்துப் பார்த்து, கரெக்ட் இல்லை என்று சொல்லிவிட்டாராம். தலைமையாசிரியர் அச்சகத்துக்கு வந்து, தெருவே கேட்கும்படி கத்திவிட்டுப் போனார். என்னையும் அங்கே கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"பசை ஒழுங்காத் தடவுனியா?" என்றார் பெரியத்தான்.

"நல்லாத்தான் தடவுனேன் அத்தான். சாரல்லா."

"ஈரத்துல எந்தப் பசை நிக்கும் அண்ணாச்சி" என்றார் அச்சுக் கோப்பவர்.

"நீரு சும்ம இரும்." பெரியத்தான் என்னைப் பார்த்தார். "சட்டியில பாதிப் பசை மிச்சம் கெடந்துதே. நான் பாத்தேன்."

இரண்டாம் புரூப்பில் அவர் போட்ட கையெழுத்தைப் பற்றி அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாதது மரியாதையா, கோழைத்தனமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அதன்பிறகு இங்கிலீஷ் புரூப்கள் செங்கோட்டையில் ஒரு குமாஸ்தாவுக்குப் போயின. அவர் எதையும் கேட்பதில்லை என்று பெரியத்தான் வீட்டில் என் காதுபடச் சொல்வார்.

அன்று கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது ஆறாம் வகுப்பு. போன வாரம் அந்தக் கையேட்டின் பிரதி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்தாள். நான் வைத்திருந்தது முதல் இருநூறில் ஒன்று. தாள் இறுகப் பிடித்திருந்தது.

"இதுக்கு அடியில என்னம்மா?" என்று நகத்தால் சுரண்டினாள்.

"தண்ணி தொட்டு உரசு" என்றேன்.

உரசினாள். தாள் கிழிந்து வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு என் கேள்வியும் வந்துவிட்டது. அவருடைய வாக்கியம் ஓர் எழுத்துக் குறையாமல் நின்றது. அவள் கையிலிருந்த பேனாவை வாங்கி, 'அபௌட்' என்ற அந்த ஒரு சொல்லைக் குறுக்காக அடித்தேன். ஓரத்தில் எதுவும் எழுதவில்லை.