இலவசமாகக் கிடைத்த மாநிலம்

"மனசிலாயோ?" என்று பயிற்சி கொடுத்தவர் கேட்டபோதெல்லாம் "மனசிலாயி" என்று எல்லோரோடும் சேர்ந்து நானும் சொல்லிவைத்தேன். ஒரு மண்ணும் மனசிலாகவில்லை. மூணாறில் இரண்டு நாள் நடந்த ஆசிரியர் பயிற்சி அது. மலையாளம் எனக்குத் தகராறு இல்லை. கிழக்குப் பாலக்காட்டில் பிறந்துவிட்டு மலையாளம் தெரியாமல் ரேஷன் கடைக்குக்கூடப் போய்வர முடியாது. புரியாமல் போனது அவர் போன வேகம். வீடியோவுக்கு இங்கே தட்டுங்கள், பயிற்சித்தாளுக்கு இங்கே, வினாடி வினா தயாரிக்க இங்கே, எல்லாம் இலவசம் என்று திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தார். கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு பெரிய பட்டியலாக லிங்க் வந்து விழுந்தது. இலவசம் என்றால் எனக்கு எப்போதும் கொஞ்சம் அல்பத்தனம் உண்டு. ஒன்று விடாமல் சேமித்துக்கொண்டேன்.

நான் வேலை பார்க்கும் பள்ளி, மாட்டுப்பட்டியைத் தாண்டி வட்டவடை போகும் வழியில் தேயிலைக்கு நடுவே இருக்கிறது. ஏழாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். பாடத்திட்டம் கேரளாவுடையது, புத்தகம் மட்டும் தமிழில். அந்த வருஷம் என் நாலாம் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள், எல்லாம் எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளிலிருந்து வருகிறவர்கள்.

பள்ளியில் சிக்னல் வருவது பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியின் அருகில் மட்டும்தான். அங்கே நின்றுகொண்டு ஒவ்வொரு லிங்காகத் திறந்து பார்த்தேன். எங்கள் பாடத்துக்குப் பொருந்துவதெல்லாம் மலையாளத்தில் இருந்தது. தமிழில் இருப்பதெல்லாம் மலைக்கு அந்தப் பக்கத்து மாநிலத்துப் பாடத்துக்கு இருந்தது. இலவச மொழிபெயர்ப்புக் கருவி ஒன்றில் மலையாளப் பயிற்சித்தாளைப் போட்டுப் பார்த்தேன். அது கொடுத்த தமிழைப் படித்துவிட்டு எனக்கே தமிழ் தெரியுமா என்று சந்தேகம் வந்துவிட்டது. அதனால் சுலபமான வழியைப் பிடித்தேன். கூட்டலும் கழித்தலும் எந்த மாநிலத்தில் மாறப் போகிறது? செடிக்கு வேர் அங்கேயும் கீழேதானே? அந்தப் பக்கத்து வீடியோக்களையே இறக்கி லேப்டாப்பில் போட ஆரம்பித்தேன். பிள்ளைகளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எனக்கும்தான். பல வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியதை ஒரு பொம்மை முயல் அழகாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனது.

அந்த ஒன்பதில் ஒருத்தி படு சூட்டிகை. வீடியோவில் வருவதை நோட்டில் எழுதி வைத்துக்கொள்வாள், யாரும் சொல்லாமலே. அவள் அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் ஒருநாள் நின்றுகொண்டிருந்தார்.

"தமிழ்ல படிச்சா பின்னால ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னு லயத்துல ஆளாளுக்குச் சொல்றாக டீச்சர். எனக்கு ஒண்ணும் புரியல. நாலாப்புல ஒரு ஸ்காலர்ஷிப் பரீட்சை இருக்குல்ல, அதுல இவ பாஸானா ஏழு வரைக்கும் இங்கனயே படிக்கட்டும். இல்லாட்டி கீழ மலையாள ஸ்கூல்ல சேத்துருவேன்."

"பாஸாயிருவாளுங்க" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ. ஆனால் சொன்ன பிறகு அது என் பரீட்சையாகிவிட்டது.

பரீட்சைக்குப் பொது அறிவும் உண்டு. தேடியபோது 'நம் மாநிலம்' என்ற தலைப்பில் ஒரு வீடியோவும், அதோடு பத்துக் கேள்வி கொண்ட வினாடி வினாவும் தயாராகக் கிடைத்தன. தமிழில், இலவசமாக, வண்ணப் படங்களோடு. அன்றைக்கு அலுவலகத்திலிருந்து வருகைப்பதிவை ஏற்றச் சொல்லி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வீடியோவை ஓடவிட்டு, தொட்டியடிக்குப் போய் ஏற்ற வேண்டியதையெல்லாம் நான் ஃபோனில் நிரப்பிக்கொண்டிருந்தேன். நடுவில் இரண்டு தடவை தலை நிமிர்ந்ததாக ஞாபகம். முதல் தடவை, மாநில விலங்கு வரையாடு என்றது. ஜன்னலுக்கு வெளியே மேல் புல்மேட்டில் வரையாடு மேய்வதை அந்தப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். சரிதான் என்று பட்டது. இரண்டாவது தடவை, மாநில மரம் பனை என்றது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊட்டு வயல் வரப்பில் வரிசையாகப் பனைதான் நிற்கிறது. அதுவும் சரிதான் என்று பட்டது.

கேரளாவின் மாநில விலங்கு யானை, மரம் தென்னை என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். முந்தின வருஷங்களில் கரும்பலகையில் எழுதிப் போட்டதே நான்தான். தெரிந்ததெல்லாம் அன்று எங்கே போய்த் தொலைந்தது என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். பிடிபடவே இல்லை. பிள்ளைகள் ஒன்பது பேரும் பத்துக்குப் பத்து எடுத்தார்கள். நான் பெருமையாக அந்த லிங்கை வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டேன், வீட்டில் பார்க்கட்டும் என்று.

பரீட்சை மூணாறில் நடந்தது. வாசலில் காத்துக்கொண்டிருந்தேன். அவள்தான் முதலில் ஓடிவந்தாள்.

"டீச்சர், நம்ம வீடியோவுல இருந்து மூணு கேள்வி வந்துச்சு! நான் மூணும் எழுதிட்டேன். விலங்கு வரையாடு, மரம் பனை, பறவை மரகதப்புறா!"

மூன்றும் அந்தப் பக்கத்து மாநிலத்துடையவை. "நல்லது கண்ணு" என்று சொன்னேன். கேள்வியில் எந்த மாநிலம் என்று கேட்டிருந்தது என்று விசாரிக்கவில்லை. கடையில் ஒரு பன் வாங்கிக் கொடுத்தேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே, "பனை எப்படி இருக்கும் டீச்சர்?" என்று கேட்டாள். அவள் பிறந்ததிலிருந்து பனையைப் பார்த்ததில்லை. படத்தில் பார்த்ததுதான்.

அதற்கப்புறம் எனக்குள் ஒரே குழப்பம். அந்த வீடியோவில் ஒரு தப்பும் இல்லை. அதை எடுத்த யாரோ ஒரு ஆசிரியர் தன் பிள்ளைகளைப் பார்த்து நம் மாநிலம் என்று சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். அப்படியானால் தப்பு யாருடையது? என்னுடையதுதான் என்று சட்டென்று பதில் வரும். உடனே இன்னொரு மனசு, மூணு கேள்விதானே, மற்றதில் எடுத்திருப்பாள், நீயாகப் போய் எதற்கு வாயைக் கொடுக்கிறாய் என்று அடக்கும். வகுப்பில் சொல்லிவிடலாம் என்று பல நாள் எழுந்து நின்றிருக்கிறேன். சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடுமே என்று வேறு பாடத்தை எடுத்துவிடுவேன். இப்படியே கோடை லீவும் வந்துவிட்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான்.

லீவில் ரிசல்ட் வந்தது. இரண்டே மார்க்கில் அவளுக்குப் போய்விட்டது. ஊரில் அடுப்படியில் நின்று ஃபோனில் பார்த்தேன். அழுகை வந்தது. யாருக்காக அழுகிறேன் என்றுகூடத் தெளிவில்லை.

ஜூனில் பள்ளி திறந்த அன்றே அவள் அம்மா வந்துவிட்டார். கையில் டி.சி. கேட்கும் விண்ணப்பம். வகுப்பாசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் தலைமையாசிரியரிடம் போகும். என் மேஜையில் விரித்து வைத்தார். கோபமெல்லாம் இல்லை. "அவளுக்கு அம்புட்டுத்தேன் டீச்சர்" என்றார்.

அந்த வார்த்தை என்னைக் குத்திவிட்டது.

"அவ மேல தப்பில்லைங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். லிங்க், வீடியோ, அது அந்தப் பக்கத்துக்கு எடுத்தது, நான் கவனிக்காதது, மூணு கேள்வி, பரீட்சை வாசலிலேயே தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தது. "நான் ஒழுங்காச் சொல்லிக் குடுத்திருந்தா அவ பாஸுங்க. என்னை மன்னிச்சுக்குங்க" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.



"அப்ப அவ மக்கு இல்ல" என்றார்.

"சத்தியமா இல்லைங்க."

"சரி" என்றார். பிறகு அந்தப் பிள்ளைகள் இப்போது ஐந்தாம் வகுப்பாக உட்கார்ந்திருந்த அடுத்த அறைப் பக்கம் கையைக் காட்டினார். "மத்த எட்டுப் புள்ளைகளும் அதத்தானே டீச்சர் படிச்சிருக்கு? அதுகளுக்கு மாத்திச் சொல்லிட்டீகளா?"

இத்தனை மாதமாக ஒருத்தியை நினைத்துத் தூக்கம் கெட்டவள் நான். அந்த எட்டுப் பேர் ஒரு தடவைகூட என் நினைப்பில் வரவில்லை. குழுவில் போட்ட லிங்க் அப்படியே கிடந்தது.

"இல்லைங்க" என்றேன்.

அவர் விண்ணப்பத்தை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "இதுல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, அதுககிட்டப் போய்ச் சொல்லுங்க."

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.